விசில் அடிக்காத குக்கர்: மின்சார பிரஷர் குக்கர் வாங்கலாமா?

மின்சார பிரஷர் குக்கரை விற்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, சமையல் நேரம் பாதியாகக் குறையும் என்பதுதான். குறையாது. அடுப்பில் வைக்கிற சாதாரண குக்கர் ஏற்கெனவே இருக்கிற வீட்டில், கடிகாரத்தைப் பார்த்தால் இது பத்து நிமிடம் கூடத்தான் எடுத்துக்கொள்ளும். அப்படியும் எங்கள் சமையல் மேடையில் இதற்கு நிரந்தர இடம் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பதையும், யாரெல்லாம் வாங்க வேண்டாம் என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்னால் நான் படித்த விமர்சனங்களில் பல, பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதியவை.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே என் அம்மா. காலைச் சமையல் மனைவியுடையது, மாலைச் சமையல் என் பொறுப்பு. வாங்கியது ஆறு லிட்டர், 1000 வாட், உள்பாத்திரம் எவர்சில்வர். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. இந்த வகையில் எதைத் திறந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: அடியில் சூடேறும் தட்டு, அதன்மேல் எடுத்துக் கழுவக்கூடிய பாத்திரம், மூடியின் உள்விளிம்பில் சிலிக்கோன் வளையம், மேலே ஆவியை வெளியேற்ற ஒரு வால்வு, பக்கத்தில் அழுத்தம் ஏறியதும் எழும்புகிற சின்ன உலோகக் குமிழ். அந்தக் குமிழ் கீழே இறங்குகிற வரை மூடியைத் திறக்க முடியாது.

முதல் நாளே அம்மா கேட்டார்: "விசிலே வராதுன்னா வெந்துச்சா இல்லையான்னு எப்படிடா தெரியும்?"

நியாயமான கேள்விதான். விசில் கணக்கு என்பது தீ எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வெயிட் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து மாறுகிற ஒன்று. அதை இவ்வளவு காலம் கையாண்டவருக்கு அது மனக்கணக்கு. இந்தக் குக்கரில் மனக்கணக்கு செல்லாது, நிமிடக் கணக்குதான். அம்மாவுக்கே முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் எது எத்தனை நிமிடம் என்று அவரே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். இப்போது அந்தத் தாளில் இல்லாத நிமிடத்தை நான் வைத்தால் திட்டு விழுகிறது.

அந்த நிமிடக் கணக்கில்தான் விற்பனைப் பேச்சின் பெரிய பொய்யும் இருக்கிறது. பெட்டியோடு வந்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் 'ஊறவைத்த கொண்டைக்கடலை: 15 நிமிடம்' என்று போட்டிருந்தார்கள். அந்த 15 நிமிடம் ஓடத் தொடங்குவது அழுத்தம் முழுதாக ஏறிய பிறகு. பாதிப் பாத்திரம் தண்ணீர் கொதித்து அழுத்தம் ஏற 10 முதல் 15 நிமிடம். நேரம் முடிந்ததும் ஆவி தானாக அடங்க இன்னொரு 15, 20 நிமிடம். ஆகமொத்தம் முக்கால் மணி நேரம் கைவிட்டுப் போகும். இரவு உணவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அந்தப் புத்தகத்தை நம்பி இறங்கினால் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடுப்புக் குக்கரில் அழுத்தம் ஏறும்போது கொதிநிலை 120 டிகிரியை ஒட்டிப் போகும். மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலானவை கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலேயே நின்றுவிடும், 115 முதல் 118 டிகிரி வரைதான். அதனால் அடுப்புக் குக்கருக்கு எழுதிய நேரத்தோடு நாலைந்து நிமிடம் சேர்த்து வைக்க வேண்டும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் சேர்க்க வேண்டும். 600 மீட்டர் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தை 5 சதவீதம் கூட்டுவது வழக்கமான கணக்கு.

சரி, நேரம் மிச்சமில்லை என்றால் இதை எதற்கு வைத்திருக்கிறேன்? பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காக. அடுப்புக் குக்கரை ஏற்றினால் ஒரு காது சமையலறையிலேயே இருக்க வேண்டும். ஆவி வந்ததும் வெயிட் போடணும், தீயைக் குறைக்கணும், விசிலை எண்ணணும், அணைக்கணும். இதில் மூடியைத் திருகி, வால்வை மூடி, நிமிடத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தானே ஏறும், தானே நிற்கும், அப்புறம் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் ஆகட்டும், அதில் என் பங்கு ஐந்து நிமிடம்தானே! மீதி நேரத்தில் குளிக்கிறேன், மாடியில் துணி எடுக்கிறேன், சின்னவளுக்குப் பெருக்கல் கணக்கு சொல்லித்தருகிறேன். வேலை முடிந்து வந்து சமைக்கிற யாருக்கும் தெரியும், சமையலில் அலுப்புத் தருவது அந்தக் காவல் நிற்கிற வேலைதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்காதீர்கள். 1000 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முழுவீச்சில் இழுப்பது அழுத்தம் ஏறுகிற வரைதான்; அதன்பிறகு தட்டு விட்டுவிட்டுத்தான் சூடேறும். 20 நிமிடம் முழுவீச்சில் ஓடினால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. கேஸ் அடுப்போடு ஒப்பிட்டால் உங்கள் ஊர்க் கட்டணத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான மிச்சம் மளிகைப் பட்டியலில் இருக்கிறது. இது வருவதற்கு முன் எங்கள் வீட்டில் டின்னில் அடைத்த கடலை, பீன்ஸ் வகைகள் அடிக்கடி வாங்குவோம். ஊறவைத்து வேகவைக்கப் பொறுமை இல்லாததுதான் காரணம். ஒரு டின்னின் எடை 400 கிராம் என்றால் தண்ணீரை வடித்த பிறகு கையில் நிற்பது 240 கிராம் அளவுதான். உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். அதாவது 100 கிராம் உலர்ந்த கடலை ஒரு டின்னுக்குச் சமம், அரைக் கிலோ வாங்கினால் ஐந்து டின். உங்கள் கடையில் இரண்டின் விலையையும் பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். நான் வகுத்துப் பார்த்த பிறகு டின் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வேலையை நான் செய்கிற விதத்தை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் குக்கர் தன் காசைத் திருப்பித் தருவது இங்கேதான். விடுமுறைக்கு முந்தின இரவு அரைக் கிலோ கடலையை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறேன். உப்புப் போட்டால் வேகாது என்று சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் போட்டால் தோல் சீக்கிரம் மிருதுவாகும், வெடித்துச் சிதறுவதும் குறையும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். காலையில் தண்ணீரை மாற்றி, கடலைக்கு மேல் இரண்டு விரல் நிற்கிற அளவு ஊற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுகிறேன். நுரையை அது கொஞ்சம் அடக்கும். கடலை, பருப்பு, அரிசி எல்லாம் நுரைத்துப் பொங்குகிறவை, அதனால் பாத்திரத்தில் பாதிக்கோட்டைத் தாண்டக் கூடாது. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம்.

நேரம் முடிந்ததும் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விட்டால் நுரை சுவரெல்லாம் தெறிக்கும், கடலையும் தோலுரிந்து பிளந்துவிடும். குமிழ் தானாக விழுகிற வரை காத்திருக்க வேண்டும். அது விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இந்தக் குக்கரிடமிருந்து விசில் மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் அதுதான். மூடியைத் திறந்து ஒரு கடலையைச் சின்னவளிடம் கொடுப்பேன். பல் படாமல், நாக்கால் அண்ணத்தில் வைத்து அழுத்தினாலே நசுங்க வேண்டும், அதுதான் எங்கள் சோதனை. நசுங்கவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம். கடலை பழசாக இருந்தாலோ, தண்ணீர் சுண்ணாம்பு கூடிய கடினநீராக இருந்தாலோ எவ்வளவு வைத்தாலும் அடம்பிடிக்கும். அப்படியானால் அடுத்த முறை ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். கூடிப்போனால் சோப்பு வாடை வரும்.

ஆறியதும் ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு, வெந்த தண்ணீரையே கொஞ்சம் மேலே ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசருக்குள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் என்றால் மூன்று நான்கு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் நிற்கும். டின்னின் ஒரே வசதி, திறந்தால் தயார் என்பதுதான். அது இப்போது வீட்டிலேயே இருக்கிறது.

ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இயற்கையாகவே பைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு நச்சு இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து கொட்டைகளே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரப் போதும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷரில் நன்றாக வேகவைத்தால் பிரச்சினை இல்லை. ஆபத்து எங்கே என்றால், இதே குக்கரில் 'மெதுவான சமையல்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அந்த முறையில் சூடு கொதிநிலைக்குக் கீழேயே நின்றுவிடலாம். 80 டிகிரி அளவில் நின்றுபோன பீன்ஸில் நச்சு பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். எனவே பச்சை ராஜ்மாவை அந்தப் பொத்தானில் வைக்கவே வைக்காதீர்கள். குறிப்புப் புத்தகத்தில் இந்த எச்சரிக்கை எங்கேயும் இல்லை. பண்டிகை இனிப்புக்கு மூன்று பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவது மிச்சம் எலும்பிலும் மலிவான கறியிலும். 1679-இல் லண்டனில் இருந்த தெனி பாப்பன் என்கிற பிரெஞ்சுக்காரர் முதல் பிரஷர் பாத்திரத்தைச் செய்ததே எலும்பை மிருதுவாக்கத்தான். வெடிக்காமல் இருக்க வால்வையும் அவரே வைத்தார். நான் எலும்பைச் சாப்பிடுகிற அளவுக்குப் போகவில்லை. ஆனால் கோழி எலும்பு, வெங்காயத் தோல், கேரட் முனை, கொத்தமல்லிக் காம்பு எல்லாம் ஒரு பையில் ஃப்ரீசரில் சேர்ந்துகொண்டே இருக்கும். பை நிறைந்ததும் தண்ணீரோடு இரண்டு மணி நேரம். ஆறவைத்தால் கூழ்மாதிரி உறைகிற கெட்டியான சாறு கிடைக்கிறது. அதற்கப்புறம் சூப் க்யூப் வாங்கவில்லை. நரம்பும் சவ்வும் உள்ள கறித்துண்டுகள்தான் கடையில் மலிவு, அவை சாதாரணப் பாத்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். இதில் 40 நிமிடத்தில் சவ்வு கரைந்து குழைந்துவிடுகிறது. நல்ல கறி வாங்கி இதில் போடுவது வீண்.

மூன்றாவது மிச்சம்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதைக் கணக்கில் காட்டுவதும் கஷ்டம். ஒன்றும் செய்யத் தோன்றாத மாலைகளில் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எதுவுமே ஊறவைக்காத நாளிலும் துவரம்பருப்போ மசூர் பருப்போ நேராகப் போட்டால் எட்டுப் பத்து நிமிடம் போதும். அதன்மேலேயே கம்பித் தாங்கியை வைத்து ஒரு கிண்ணத்தில் அரிசியும் தண்ணீரும் வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தயார். உணவுச் செயலியைத் திறந்து, நாலு பேருடைய விருப்பத்தையும் கேட்டு, வண்டி வருகிற வரை காத்திருக்கிற நேரத்தில் இது முடிந்துவிடும்.

இனி குறைகள். முன்பக்கம் ஒரு டஜன் பொத்தான்கள்: சூப், கஞ்சி, கேக், கறி, சோறு என்று. பெரும்பாலானவை நிமிடத்தை மாற்றி மாற்றி வைப்பவை, அவ்வளவுதான். நான் தொடுவது இரண்டைத்தான், பிரஷரும் வதக்கலும். அதிகப் பொத்தான் உள்ள மாடலுக்கு அதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வதக்குவதில் இது சுமார். பாத்திரத்தின் அடி நடுவில் லேசாக மேடிட்டு இருப்பதால் எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது, நடுவில் வெங்காயம் காய்ந்துபோகிறது. வதக்கிய பிறகு அடியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டாமல் மூடினால், பாதியில் அடிப்பிடிக்கிறது என்று கத்திக்கொண்டு நின்றுவிடும். தக்காளி விழுது, கெட்டியான மசாலா எதுவானாலும் மேலே போட்டுக் கிளறாமல் விட வேண்டும். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றாது என்பதால் குழம்பு நீர்த்துத்தான் வெளியே வரும். கடைசியில் திறந்துவைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

பச்சைக் காய்கறிகளை இதில் வைப்பதை மறந்துவிடுங்கள். பீன்ஸும் ப்ரோக்கோலியும் இரண்டே நிமிடத்தில் நிறம் செத்துத் துவண்டுவிடுகின்றன. உருளைக்கிழங்கு, பீட்ரூட், சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகள் மட்டும் இதற்குச் சரிப்படும்.

தாமதமாகத் தொடங்குகிற வசதி ஒன்று இருக்கிறது. காலையில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் தானாகச் சமைக்கும். கடலை ஊறுவதற்கு அது அருமை. கறி, பால், மீன் எதையும் அப்படி வைக்கக் கூடாது. கெட்டுப்போகிற பொருள் அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி, குக்கருக்குள் இருந்தாலும் அது அறைச்சூடுதான்.

அப்புறம் அந்தச் சிலிக்கோன் வளையம். பூண்டும் மசாலாவும் ஒருமுறை ஏறினால் இறங்காது. வெயிலில் காயவைத்தேன், வினிகர் தண்ணீரில் ஊறவைத்தேன், வாடை குறைகிறது, போவதில்லை. பாயசம் வைத்த அன்று மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இதுல கறி போட்டீங்களா?" என்றான். இப்போது இரண்டு வளையம் வைத்திருக்கிறோம், காரத்துக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று. கழுவிய பிறகு மூடியைக் குப்புறக் கவிழ்த்து, காற்றுப் படும்படி வைத்தால் கொஞ்சம் மேல். பின்பக்கம் ஆவித்தண்ணீர் சேர்கிற சின்னக் கிண்ணம் ஒன்று தொங்கும். அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எடுத்துக் கழுவாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது? தனி ஆளாக இருந்து தினம் ஒரு பிடி அரிசி மட்டும் வேகவைப்பவர் என்றால் வேண்டாம். ஆறு லிட்டர் குக்கருக்கு அழுத்தம் ஏறவே ஒரு கப்புக்கு மேல் தண்ணீர் வேண்டும், அதைச் சூடாக்குவதிலேயே நேரம் போய்விடும். மூன்று லிட்டர் கிடைத்தால் யோசிக்கலாம். அடுப்புக் குக்கரில் கை பழகி, சமையலறையிலேயே இருக்க நேரமும் உள்ளவர்களுக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு, வேலைக்குப் போய்வந்து சமைக்கிறவர்களுக்கு, மொத்தமாக வேகவைத்து ஃப்ரீசரில் சேர்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஆறு லிட்டர் சரியான அளவு. எட்டு லிட்டர் மேடையை அடைத்துக்கொள்ளும், கழுவுகிற தொட்டியில் பாத்திரம் படுக்காது. உள்பாத்திரம் எவர்சில்வரா ஒட்டாத பூச்சா என்றால் எவர்சில்வர்தான். அடிப்பிடித்தாலும் நார் போட்டுத் தேய்க்கலாம்.

வேறொருவர் பயன்படுத்தியதை வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். குமிழ் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, உள்பாத்திரத்தின் விளிம்பு நசுங்காமல் இருக்கிறதா, வளையத்தில் விரிசல் இல்லாமல் இருக்கிறதா. விரிசல் இருந்தால் பரவாயில்லை, புதிது மாற்றலாம். ஆனால் அந்த மாடலுக்கு வளையம் இப்போதும் தனியாகக் கிடைக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.